கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடம் விட்டவர்களுக்கு நன்றி

எங்கள் ஓவியர் சங்கத்தின் பேஸ்டல் நிலக்காட்சி, கோட்டோவியக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

படங்கள் அனைத்தும் பத்திரமாக அவரவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. பேஸ்டல் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. நிறப்பொடியோடு சுண்ணமும், பேருக்குக் கொஞ்சம் பிசினும் சேர்த்து உருட்டிய குச்சிதான் சாஃப்ட் பேஸ்டல். எண்ணெய் வண்ணம் போல இது காய்ந்து இறுகாது. தாளின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். வரைந்தவர் கையை எடுத்த பிறகு அதைக் காப்பாற்றுவது படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடுகிறவர், வண்டி ஓட்டுகிறவர், சுவரில் மாட்டுகிறவர், தரை துடைக்கிறவர். இந்த மடல் அவர்களுக்கு. பெயர் வேண்டாம் என்று பலரும் சொன்னதால் செய்த வேலையை மட்டும் எழுதுகிறோம். அடுத்து கண்காட்சி வைக்கிறவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி, சாமி படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறைக்காரர்களுக்கு. சாமி படம் அச்சுத்தாள். அதன்மேல் கண்ணாடியை அழுத்தி வைத்து ஆணி அடித்தால் வேலை முடிந்தது. பேஸ்டலுக்கு அதையே செய்தால் பொடி கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். ஐப்பசி மழையில் உள்ளே வேர்த்துப் பூஞ்சணமும் பிடிக்கும். பிசின் இருக்கிற இடத்தைப் பூஞ்சணம் தேடிப் போகும். அதனால் சின்னப் படத்துக்கு 3 மி.மீ., பெரிய படத்துக்கு 5 மி.மீ. இடைவெளி கேட்டோம். 2 மி.மீ. கண்ணாடி, இடைவெளி, மவுன்ட் போர்டு (படம் தெரிய நடுவே ஜன்னல் போல வெட்டிய அட்டை), படம், பின்பலகை எல்லாம் சேர்ந்தால் அரை அங்குலம் போய்விடும். ரெடிமேட் ஃபைபர் சட்டங்கள் பலவற்றில் காடி, அதாவது இவையெல்லாம் உட்காரும் பள்ளம், அவ்வளவு ஆழம் வராது. முகம் சுளிக்காமல் மரச்சட்டங்களின் காடியை இன்னும் இறக்கிக் கொடுத்தார்கள். இறக்க முடியாதவற்றுக்குப் பின்பக்கம் ரீப்பர் கட்டை அடித்து ஆழம் கூட்டினார்கள்.

அதைவிட நுணுக்கமான வேலை மவுன்ட் போர்டின் பின்புறம் நடந்தது. எவ்வளவு கவனமாகச் சட்டம் போட்டாலும் கொஞ்சம் பொடி உதிரும். அது வெள்ளை மவுன்ட்டின் சாய்வெட்டில் விழுந்தால் அழுக்குக் கோடாகத் தெரியும். மவுன்ட் ஜன்னலின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, பின்னால் ஃபோம் போர்டுப் பட்டை ஒட்டிவிட்டால் மவுன்ட்டுக்கும் படத்துக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கும். பொடி அதற்குள் இறங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் அதற்கு ‘வாய்க்கால்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இனி நாங்களும் அப்படித்தான் சொல்லப்போகிறோம்.

எடை குறையுமே என்று அக்ரிலிக் ஷீட் போடச் சிலர் யோசனை சொன்னார்கள். 2 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ வரும், உண்மைதான். ஆனால் அக்ரிலிக்கைத் துணியால் ஒருமுறை துடைத்தாலே நிலைமின்னேற்றம் வந்துவிடும், தாளில் இருக்கும் பொடியைத் தன் பக்கம் இழுக்கும். பென்சில் படத்துக்குப் பரவாயில்லை. பேஸ்டலுக்கும் கரித்துண்டு ஓவியத்துக்கும் கண்ணாடியே சரி.

தாளை ஒட்டும் முறையை மாற்றிக்கொண்ட பைண்டிங் கடைக்காரருக்குத் தனி நன்றி. நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலை அலையாக எழும்பும். மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும், தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப்பால் தொங்கவிட வேண்டும். செலோ டேப் சில வருஷத்தில் மஞ்சளித்துக் கறை விடும். மைதா பசைக்கு ராமபாணப் பூச்சி வரும். அதற்காக பைண்டிங்கில் மயில்துத்தம் கலப்பார்கள். அந்தத் தாமிர உப்பு நாள்பட்டால் தாளையே அரிக்கும் என்றதும் அவரே அதை ஒதுக்கி வைத்தார்.

“ஃபிக்ஸேட்டிவ் அடித்துவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு?” என்று பார்வையாளர்கள் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பொடி உதிராமல் பிடிக்கத் தெளிக்கிற பிசின் திரவம்தான் ஃபிக்ஸேட்டிவ். பொடிக்கு நடுவே இருக்கிற காற்றிடத்தை அந்தத் திரவம் நிரப்பிவிடும். வெளிர் நிறங்கள் அமுங்கி ஒரு படி கறுத்துப் போகும். அடர்நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது. மதுரை யானைமலைக்குப் பின்னால் விடியும்போது வரும் வெளிர் ரோஸ் வானத்தில் அடித்தால் விடியலே போய்விடும். அதனால் பேஸ்டலுக்குக் கடைசிப் பூச்சாக அடிக்கவில்லை. சட்டம் போடுமுன் படத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பின்பக்கம் விரலால் தட்டினால் ஒட்டாத பொடி உதிர்ந்துவிடும், அது போதும். கரித்துண்டு ஓவியங்களுக்கு மட்டும் 30 செ.மீ. தள்ளி நின்று, காயவிட்டுக் காயவிட்டு, இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. ஹேர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். மலிவுதான், ஆனால் மஞ்சளிக்கும்.

படங்களைக் கொண்டு வந்த குட்டி யானை ஓட்டுநர்களுக்கு: யானைமலை குட்டி யானையில் ஏறிய வேடிக்கையை அவர்களும் ரசித்தார்கள். கண்ணாடிமேல் குறுக்கும் நெடுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தோம். உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. படங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, நடுவே ஃபோம், மூலைக்கு அட்டை, நாலுக்கு மேல் அடுக்கு இல்லை. குப்புறப் போட்டால் குலுங்கும் ஒவ்வொரு முறையும் பொடி கண்ணாடிக்கு இறங்கும். வேகத்தடைகளில் வண்டியை அவர்கள் ஏற்றி இறக்கிய பதத்துக்குக் கூலி போட முடியாது. சட்டம் போடாத தாள்களுக்கு நடுவே கிளாஸின் என்ற வழுவழுப்பான மெல்லிய தாள் வைத்தோம். நியூஸ் பேப்பர் ஆகாது, மை ஏறும். எடுக்கும்போது இழுக்காமல் தூக்க வேண்டும் என்பதை உதவிக்கு வந்த கல்லூரி மாணவர்கள் கடைசிவரை மறக்கவில்லை.

வரைய இடம் கொடுத்தவர்களை விட்டுவிடக் கூடாது. கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக்குளக் கரையில் உட்காரவிட்டு, ஆடுகளை ஓரமாக ஓட்டிப் போனவர்கள். நரசிங்கத்தில் யானைமலையின் முழு நீளமும் தெரிகிற வரப்பைக் காட்டிக் கொடுத்தவர்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் பாதை தவறாமல் கூட்டிப் போனவர்கள் எல்லாருக்கும் நன்றி. இந்தப் பாறைகளுக்கு வெயில் ஏறாத காலைதான் நேரம். ஒன்பது மணிக்கு மேல் நிழல் சுருங்கி, பாறை வெளுத்து, தட்டையாகிவிடும். பெட்டியில் வரும் பச்சைகள் நம் ஊருக்கு ஒத்துவராது. சீமைக்கருவேலத்துக்கும் காய்ந்த புல்லுக்கும் அவை மிகவும் பளபளப்பு. அடியில் செங்காவியை மெல்லத் தேய்த்து அதன்மேல் பச்சை போட்டால்தான் அடங்கும். வெள்ளைத் தாளைவிட மணல் நிறத் தாளோ சாம்பல் தாளோ பாதி வேலையைத் தானே செய்துவிடும். அடர்நிறம் முதலில், வெளிர் கடைசியில். தாளின் சொரசொரப்பு அடைபட்டுவிட்டால் எந்தக் குச்சியும் வழுக்கும். தூரிகையால் பொடியைத் தட்டிவிட்டுத்தான் தொடர முடியும்.

மண்டபத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி விளக்குமாறு தொடாத துப்புரவு. பெருக்கினால் எழும் புழுதி சட்டத்தின் இடுக்கில் புகும். காலையும் மாலையும் ஈரத் துணியால் மட்டும் துடைத்த அம்மாக்களுக்கு நன்றி. எதிர்ச்சுவர் டியூப்லைட் ஒவ்வொரு கண்ணாடியிலும் வெள்ளைக் கோடாகப் பிரதிபலித்தது. எலக்ட்ரீசியன் அண்ணன் அதை அணைத்துவிட்டு, மேலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் எல்இடி விளக்குகளைத் திருப்பினார். தாளில் செய்த படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவு போதும் என்பது அருங்காட்சியக வழக்கம். ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கப் பந்தல்காரர் காடாத்துணி கட்டினார். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ.யில் வருமாறு மாட்டினோம். படத்தைத் தொங்கவிடும் வளையத்தைச் சட்டத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கித் திருக வேண்டும். நைலான் கயிறு நாளாக நாளாக நீண்டு படம் முன்னால் சாயும், அதனால் முறுக்குக் கம்பி.

படம் வாங்கியவர்களுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோள். குளியலறைச் சுவரிலும், வெயில் நேராக விழும் இடத்திலும் மாட்ட வேண்டாம். கீழ் மூலை இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டியிருக்கிறோம், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகட்டும் என்று, அதைப் பிடுங்கிவிடாதீர்கள். கண்ணாடியில் நேரடியாகத் திரவம் தெளிக்காமல் துணியில் தொட்டுத் துடையுங்கள். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டவர்களுக்கு: சுவிஸ் ஓவியர் லியோதார் 1744 வாக்கில் தோல்தாளில் பேஸ்டலால் வரைந்த ‘சாக்லேட் பெண்’ ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மஞ்சளிக்க அதில் எண்ணெய் கிடையாது.

மிச்சமான ஃபோம் போர்டுப் பட்டைகளும் மவுன்ட் துண்டுகளும் சங்க அறையில் இருக்கின்றன. வேண்டுகிற பள்ளி ஓவிய ஆசிரியர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். இரவல் வாங்கிய ஏணியையும் முறுக்குக் கம்பிச் சுருளையும் உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம்.

நன்றியுடன்,
சங்க உறுப்பினர்கள்,
மதுரை