மடிந்த காதை அழகு என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த இனப் பூனை வீட்டுக்கு ஏற்றது என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனையின் மடிந்த காதும் பெர்சியன் பூனையின் சப்பை முகமும் அதில் அழகுக்கு இலக்கணமாகச் சொல்லப்பட்டிருந்தன. இரண்டுமே உடற்கோளாறுகள். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் குட்டி வாங்கப் போகிறவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டியதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காது. பூனையின் காதை நிமிர்த்தி வைத்திருப்பது குருத்தெலும்பு. அது சரியாக உருவாகாத பூனைக்குத்தான் காது மடிகிறது. 1961-ல் ஸ்காட்லாந்தின் பண்ணை ஒன்றில் காணப்பட்ட சூசி என்ற வெள்ளைப் பூனையின் வழிவந்தது இந்த இனம். டிஆர்பிவி4 என்ற மரபணுவில் உள்ள பிழைதான் காரணம் என்பது 2016-ல் தெரியவந்தது. பிழை காதோடு நிற்பதில்லை. கணுக்கால், பாதம், வால் என்று மூட்டுகளெல்லாம் பாதிக்கப்பட்டு, தேவையற்ற எலும்பு வளர்ந்து இறுகிப்போகின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பிழை வந்து சேர்ந்த குட்டிக்குச் சின்ன வயதிலேயே கால் முடமாகும். நேர்க்காதுப் பூனையோடு இணைசேர்த்துப் பிறந்த குட்டி என்றால் ஒன்றும் ஆகாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். காது மடிந்திருந்தாலே மூட்டிலும் கோளாறு உண்டு. கூடக் குறைய இருக்கலாம், அவ்வளவுதான். பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பான ஜிசிசிஎஃப் 1970-களின் தொடக்கத்திலேயே இந்த இனத்தைப் பதிவதை நிறுத்திவிட்டது.

சாதுவான பூனை, ஓடியாடாது என்று இந்த இனத்தைப் புகழ்கிறார்கள். மூட்டு வலிக்கிற பூனை எப்படி ஓடும்? வலித்தால் பூனை கத்தாது, அசைவைக் குறைத்துக்கொள்ளும். உற்றுப் பார்த்தால் தெரியும். ஒரே தாவில் கட்டில் ஏற வேண்டிய பூனை முன்னங்கால்களை விளிம்பில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும். பின்னங்கால்கள் சரியாக மடங்காமல் விறைப்பாக நடக்கும். வால் கயிறு போல நெளியாமல் கம்பு போல நிற்கும். வாலை வளைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், அதற்கு வலிக்கும். எக்ஸ்ரே எடுத்தால் போதும்.

பெர்சியன் பூனையின் சிக்கல் வேறு விதம். முகம் சப்பையாக ஆக, மூக்குத் துளை குறுகுகிறது, கண்ணீர் வடியும் குழாய் வளைந்து அடைபடுகிறது, பல்வரிசை கோணுகிறது. கண்ணோரம் வடிவதைத் தினமும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. முடியைத் தினமும் சீவ வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டாலே அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கு விழுந்து தோலை இழுக்கும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டப் போய்த் தோலையே வெட்டிவிடுகிறார்கள். பூனைத்தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து மேலெழும்பும். அதற்கென்று உள்ள முடி மழிக்கும் கருவிதான் சரி. இதையெல்லாம் கையால் செய்து சமாளிக்கலாம். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோயை அப்படிச் சமாளிக்க முடியாது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்புண்டு. 2004 முதல் இதற்கு மரபணுப் பரிசோதனை உண்டு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால் போதும். தாய், தந்தை இரண்டின் பரிசோதனை முடிவையும் காட்டாதவரிடம் பெர்சியன் குட்டி வாங்காதீர்கள்.

மெயின் கூன், ராக்டால் என்ற இரண்டு பூனை இனங்களுக்கும் இதயத் தசை தடிக்கும் நோய் உண்டு. மெயின் கூனில் 2005-லும் ராக்டாலில் 2007-லும் அதற்கான மரபணுப் பிழைகள் கண்டறியப்பட்டன. ஆனால் அந்தப் பரிசோதனையில் தேறிய பூனைக்கும் இந்த நோய் வரலாம் என்பதால் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பூனைகளுக்கு எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்திருக்க வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது மூச்சை எண்ணுவது. பூனை நன்றாகத் தூங்கும்போது விலா ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டி, மறுபடி எண்ணினாலும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

மற்ற இனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெங்கால் பூனையைத் தினமும் விளையாட வைக்க ஆள் வேண்டும். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அது ஆகாது. சியாமீஸ் ஓயாமல் பேசும். ஸ்ஃபிங்க்ஸ் பூனைக்கு முடி இல்லாததால் தோலில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும், அடிக்கடி குளிப்பாட்ட வேண்டும். முடி இல்லாவிட்டால் ஒவ்வாமையும் இல்லை என்று நினைப்பது தவறு. ஒவ்வாமை தரும் புரதம் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் இருக்கிறது. இரு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காது கேட்காது. அவற்றை வெளியே விடக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், முதல்முறை வளர்ப்பவர்களுக்கு எந்த இனப்பெயரும் இல்லாத சாதாரணப் பூனைதான் சிறந்தது. கலப்பில் பிறந்ததால் இந்தப் பரம்பரை நோய்கள் அதற்குக் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவரும்போது குட்டிக்கு 12 வாரமாவது ஆகியிருக்கட்டும். அதுவரை தாயோடும் கூடப் பிறந்தவையோடும் இருந்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்கும். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் மனிதர் கையில் பழகிய குட்டியா என்று கேளுங்கள். கண்ணில் பீளை, மூக்கொழுகல், காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு (காதுப்பேன்), மெலிந்த உடம்பில் உப்பிய வயிறு (குடற்புழு), ஆசனவாயில் ஒட்டிய மலம் இவற்றைப் பாருங்கள்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும்வரை. ஒன்று போட்டுவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுத்துக்கொண்டிருக்கும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி 12 வாரத்துக்கு மேல். கருத்தடை அறுவையை 5 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். நான்கு மாதத்திலேயே சினைப்படும் பெட்டைகள் உண்டு.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டாரின் என்ற சத்தைப் போதுமான அளவு பூனையின் உடல் உருவாக்காது; இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயம் வீங்கும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-ல் உறுதியானது. ஆகவே பால்சோறோ நாய் உணவோ அதற்கு முழு உணவாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்காகும். நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி போதும். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று விட்டுவைக்காதீர்கள்.

கட்டுரை தொடாத இன்னொரு விஷயம், பூனை மலசலம் கழிக்கும் மணல் தட்டு. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வேண்டும். நீளம் பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, மணல் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம், வாசனை சேர்க்காதது. தட்டை ஃபினாயிலால் கழுவாதீர்கள், அதிலுள்ள ஃபீனால் பூனைக்கு நஞ்சு. தினமும் அள்ளும்போது, சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள். கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போனால், வயதான பூனையென்றால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

கட்டியே இல்லையென்றால்? கடுவன் பூனை தட்டுக்குள் போய்க் குந்துகிறது, முக்குகிறது, வெளியே வந்து குறியை நக்குகிறது, மறுபடி உள்ளே போகிறது. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டுகிறார்கள். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. சளியும் படிகமும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஒரு நாளுக்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கும், வாந்தி வரும், இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். அடிவயிற்றில் கெட்டியாக உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டால் அது நிறைந்த மூத்திரப்பை, அழுத்தாதீர்கள், கிழிந்துவிடும். நள்ளிரவானாலும் அப்போதே தூக்கிக்கொண்டு போக வேண்டிய நிலை இது.

வீட்டு மருந்துப் பெட்டியையும் பூட்டி வையுங்கள். மனிதர் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும், அதை முறிக்கும் நொதி அதன் ஈரலில் போதுமானதாக இல்லை. நாய்க்கு உண்ணி போகத் தடவும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவினால் நடுக்கமும் வலிப்பும் வரும். லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் பட்டு அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். நூலை விழுங்கிய பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நுனி தெரிந்தால் இழுக்கக் கூடாது. உள்ளே குடலை அறுத்துவிடும்.

அடுத்த முறை மடிந்த காதுப் பூனையின் படத்தை வெளியிடுவதற்கு முன் அதன் கணுக்கால் எக்ஸ்ரே ஒன்றைப் பார்க்கும்படி தங்கள் ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இனப்பூனைகளைப் பற்றி எழுதினால், ஒவ்வொரு இனத்தின் படத்துக்குக் கீழேயும் அதன் பெற்றோருக்குச் செய்திருக்க வேண்டிய பரிசோதனை எது என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்