பரிந்துரை எழுதுபவரை முதலில் பார்

அன்பு மகளுக்கு,

எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் 675 வந்திருக்கிறது, இன்னொரு தரம் எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். புதிய ஜிமேட் 205-இலிருந்து 805 வரை போகிறது; அதில் 645 என்பதே பழைய தேர்வின் 700-க்கு ஏறக்குறைய சமம். இன்னும் இருபது புள்ளிக்காக இரண்டு மாதத்தைக் கொடுத்தால், அந்த இரண்டு மாதத்தை விண்ணப்பக் கட்டுரையிலிருந்தும் பரிந்துரைக் கடிதங்களிலிருந்தும்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

உன் விண்ணப்பத்தைப் படிப்பவர், உன்னைப் போலவே நாலு வருடம் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவர்களின் விண்ணப்பங்களையும் பார்த்திருப்பார். உன்னை அவர்களோடுதான் ஒப்பிடுவார். "ஐந்து பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்" என்ற வரி அவர்கள் எல்லோரிடமும் உண்டு. நீ அனுப்பிய ரெஸ்யூமிலும் அதுதான் முதல் வரி! எந்த முடிவை நீ எடுத்தாய், யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள், பிறகு எவ்வளவு நேரமோ பணமோ மிச்சமானது என்று எழுது. முடிவு தப்பாகப் போயிருந்தாலும் எழுதலாம், காரணம் தெளிவாக இருந்தால் போதும்.

பரிந்துரைக்கு டைரக்டரைக் கேட்கப் போவதாகச் சொன்னாய். பெரிய பதவிக்காரரின் கையெழுத்துக்கு மயங்காதே. பல வணிகப் பள்ளிகள் பயன்படுத்தும் பொதுப் படிவத்தில் இரண்டு கேள்விகள் முக்கியம். ஒன்று, இதே மாதிரி வேலையில் இருக்கும் திறமையான மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி, உதாரணத்தோடு சொல்லுங்கள் என்பது. இன்னொன்று, நீங்கள் இவரிடம் சுட்டிக்காட்டிய முக்கியமான குறை என்ன, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது. வருடத்துக்கு இரண்டு முறை உன்னைப் பார்க்கிற டைரக்டரால் இரண்டாவதற்குப் பதில் சொல்லவே முடியாது. "குறையே இல்லாதவர்" என்று எழுதிவிடுவார். அதைவிட மோசமான பதில் கிடையாது. தினமும் உன் வேலையைத் திருத்துகிற மேனேஜரைக் கேள். ஆறு வாரமாவது நேரம் கொடு. நீ செய்த நாலைந்து வேலைகளை, தேதியோடு, ஒரு பக்கத்தில் நினைவூட்டிக் கொடு. "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றால் வேறு ஆளைப் பார். அது முறையும் இல்லை, உன் கட்டுரையும் அந்தக் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்தும்விடும்.

கட்டுரையை ஒரு பள்ளிக்கு எழுதி இன்னொன்றுக்கு ஒட்ட முடியாது. 2024 முதல் ஹார்வர்ட் மூன்று சிறு கட்டுரைகள் கேட்கிறது: 300, 250, 250 சொல். ஸ்டான்ஃபோர்டு, உனக்கு எது எல்லாவற்றையும்விட முக்கியம், ஏன் என்று கேட்கிறது. அங்கே அலுவலகச் சாதனையை எழுதினால் கேள்வியே புரியவில்லை என்று அர்த்தம். எதிர்காலத் திட்டத்தைக் கேட்கும் இடத்தில் "சமூகத்துக்குப் பயன்பட வேண்டும்" என்று நிறுத்தாதே. படித்து முடித்ததும் எந்தத் துறையில், எந்த வேலை, அதற்கு இப்போது உன்னிடம் என்ன குறைகிறது என்று சொல். அந்தப் பள்ளியின் பாடப் பெயர்களையும் கிளப் பெயர்களையும் அடுக்குவதை யாரும் செய்யலாம்.

நேர்காணல் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஹார்வர்டில் அரை மணி நேரம். உன் விண்ணப்பத்தை முழுக்கப் படித்தவர்தான் எதிரே இருப்பார், எழுதியதையே திரும்ப ஒப்பிக்காதே. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் ஐந்தாறு விண்ணப்பதாரர்களைச் சேர்த்து உட்காரவைத்து ஒரு விஷயத்தைப் பேசச் சொல்வார்கள். அதிகம் பேசுகிறவரைவிட, அடுத்தவர் சொன்னதைப் பிடித்து மேலே கொண்டுபோகிறவர் அங்கே எடுபடுவார்.

விண்ணப்பத்தின் முதல் சுற்று செப்டம்பரில் மூடும், இரண்டாவது ஜனவரி தொடக்கத்தில். பரிந்துரைகள் தயாராகாவிட்டால் தயங்காமல் ஜனவரிக்குப் போ. மூன்றாவது சுற்று வைத்திருக்கும் பள்ளிகளில்கூட அதற்குள் பெரும்பாலான இடங்கள் நிரம்பியிருக்கும், அதை நம்பாதே. மேனேஜரிடம் இந்த வாரமே பேசிவிட்டு எழுது.

அன்புடன்,
அம்மா