முதல் அப்ளிகேஷனையாவது தமிழ்ல வாங்குங்க: கிண்டி பேடன்ட் ஆபீஸ் கன்ட்ரோலருக்கு ஒரு திறந்த மடல்

கன்ட்ரோலர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டைல சின்னதா ஒரு டிராயிங் கடை வச்சிருக்கேன். லேத்து பட்டறைக்காரங்க, ஃபேப்ரிகேஷன்காரங்க, காசிமேட்டுல போட் வேலை பாக்கறவங்க இவங்களுக்கெல்லாம் ஆட்டோகேட்ல படம் போட்டு குடுக்குறது தான் பொழப்பு. படம் போட வர்றவங்கள்ல அப்பப்ப ஒருத்தர் குரல கம்மி பண்ணிட்டு, "தம்பி இத பேடன்ட் பண்ண முடியுமா"ன்னு கேப்பாரு. அப்படி கேட்டு கேட்டே நானும் சட்டத்தையும் ரூல்ஸையும் ஓரளவு படிச்சு வச்சிருக்கேன். நான் அப்ளிகேஷன் எழுதி குடுக்கற பேடன்ட் ஏஜென்ட் இல்ல, வக்கீலும் இல்ல.

கோரிக்கைய முதல்லயே சொல்லிடறேன். பிராவிஷனல் அப்ளிகேஷன்னு முதல்ல ஒண்ணு போடுறோம்ல, அதையாவது தமிழ்ல எழுதி குடுத்தா வாங்கிக்கங்க. இதுக்கு பார்லிமென்ட்டுக்கு போகவேண்டியதில்ல. 2003ம் வருஷத்து பேடன்ட் ரூல்ஸ்ல 9வது ரூல், அபிடவிட்டையும் படத்தையும் விட்டுட்டு மத்த எல்லா பேப்பரும் இந்தியிலயோ இங்கிலீஷ்லயோ இருக்கணும்னு சொல்லுது, ஆனா அங்கேயே பிராக்கெட் போட்டு, கன்ட்ரோலர் வேற மாதிரி உத்தரவு போட்டாலோ அனுமதி குடுத்தாலோ ஒழியன்னும் சொல்லுது. அந்த பிராக்கெட்டுக்குள்ள தான் நாங்க நிக்கிறோம் சார். சென்னை ஆபீஸ் பாக்கறது தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, லட்சத்தீவு. இந்த லிஸ்ட்டுல எந்த ஊரு பட்டறைக்காரரு தன் மெஷினப் பத்தி இந்தியில எழுதிட்டு வருவாரு? மத்திய அரசோட 1976 ஆட்சிமொழி விதிகளே தமிழ்நாட்டுக்கு பொருந்தாதுன்னு அதுலயே எழுதி இருக்கு. அப்புறம் எங்களுக்கு மிச்சம் இருக்கறது இங்கிலீஷ் மட்டும் தான்.

ஃபீஸு ஜாஸ்தின்னு நான் சொல்லவே மாட்டேன். தனி ஆளு ஆன்லைன்ல போட்டா அப்ளிகேஷனுக்கு 1,600 ரூபா, பேப்பர்ல குடுத்தா 1,750. முப்பது பக்கமோ பத்து கிளெய்மோ தாண்டுனா தான் எக்ஸ்ட்ரா, கிளெய்ம்னா எதுக்கு உரிமை வேணும்னு கேக்கற வாசகம். பரிசோதனை பண்ண சொல்லி ஃபாரம் 18 போட 4,000. கவர்மென்ட்டுக்கு கட்டறது ஒரு நல்ல மிக்ஸி விலை தான் வரும், இதை சொன்னா எங்காளுங்க நம்பவே மாட்டாங்க, லட்சக்கணக்குல ஆகும்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. அது ஏஜென்ட் ஃபீஸையும் சேர்த்து சொல்ற கணக்கு. ஏஜென்ட் எதுக்கு தேவைப்படுதுன்னா, முக்கால்வாசி இங்கிலீஷுக்காக தான்.

கடைக்கு வர்றவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது ஒண்ணே ஒண்ணு, யாருக்கும் காட்டாத, வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வைக்காத, யூடியூப்ல போடாத, ஒரு பீஸ் கூட விக்காத. வெளிய தெரிஞ்ச பொருள் புதுசு கிடையாது, புதுசு இல்லன்னா பேடன்ட் கிடையாது. அரசாங்கம் அறிவிச்ச கண்காட்சி மாதிரி சில விலக்கு சட்டத்துல இருக்கு, அதை நம்பி தெருவுல இறக்கிடாதீங்கன்னு சொல்லுவேன். ரெண்டாவது, ஐடியா முழுசா தேறலன்னாலும் பிராவிஷனல் போட்டு தேதிய புடிச்சு வச்சுக்கோ, அதுக்கு கிளெய்ம் கூட எழுத வேணாம், என்ன பண்ணிருக்கன்னு விளக்கமும் படமும் போதும், பன்னெண்டு மாசத்துக்குள்ள கிளெய்மோட சேர்த்து முழு விளக்கம், அதாவது முழு ஸ்பெசிஃபிகேஷன் குடுத்துடணும், விட்டா போச்சு. அப்புறம் முதல்ல அப்ளிகேஷன் போட்ட தேதில இருந்து பதினெட்டு மாசம் கழிச்சு அது பேடன்ட் ஆபீஸ் வெளியிடற ஜர்னல்ல வரும், சீக்கிரம் வரணும்னா ஃபாரம் 9 போட்டு 2,500 கட்டலாம். பரிசோதனைக்கு அதே முதல் அப்ளிகேஷன் தேதில இருந்து 31 மாசத்துக்குள்ள கேக்கணும், முன்னாடி 48 மாசம் இருந்துச்சு, 2024 மார்ச்ல குறைச்சுட்டீங்க, அது இன்னும் நெறைய பேருக்கு தெரியாது. பொம்பளைங்க பேருல அப்ளிகேஷன் இருந்தா வேகமா பாக்க சொல்லி ஃபாரம் 18ஏ போடலாம், இது 2019ல வந்தது, இதுவும் யாருக்கும் தெரியாது. பேடன்ட் கெடச்சா முதல் அப்ளிகேஷன் தேதில இருந்து இருபது வருஷம், மூணாவது வருஷத்துல இருந்து வருஷா வருஷம் புதுப்பிக்கணும், ஆரம்பத்துல 800 ரூபா தான்.

இதெல்லாம் தமிழ்ல சொன்னா அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுக்கறாங்க. சிக்கல் எங்க ஆரம்பிக்குதுன்னா எழுத உக்காரும் போது.

காசிமேட்டு பக்கம் ஒரு அண்ணன், ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு ஒரு வேலை பண்ணிருக்காரு. அந்த மெஷின பாத்தவங்களுக்கு தெரியும், ஐஸ் பார தூக்கி வாய்ல போட்டா உள்ள முள்ளு டிரம் சுத்தும், தூள் கீழ வரும். ஈரக்கையோட அவசரத்துல தள்ளும்போது வெரலு போயிடும். அண்ணன் அந்த வாய்க்கு ஒரு தகடு மாட்டினாரு. முழு பார் வெயிட்டு விழுந்தா தான் அது கீழ எறங்கும், பார் உள்ள போனதும் பின்னாடி தொங்குற எடக்கல்லு தகட்ட திரும்ப மேல தூக்கிடும். நடுவுல கையோ சாக்கோ மாட்டுச்சுன்னா தகடு பாதில நிக்கும், நின்னா ஒரு லிங்க் வந்து பெல்ட்ட தளர்த்திடும், டிரம் நின்னுடும். கரன்ட்டு சென்சாரு எதுவும் கெடையாது. எல்லாத்தையும் ராத்திரில ஷெட்ட மூடிக்கிட்டு தான் ட்ரையல் பாத்தாரு, அந்த விஷயத்துல உஷாரு.

ஸ்ப்ரிங் போட்டிருந்தா இன்னும் ஈசி, ஏன் போடலன்னு கேட்டேன். "உப்புத்தண்ணியில ஸ்ப்ரிங் எத்தினி நாள் நிக்கும்பா, ஒரு சீசன்ல இத்துப்பூடும், கல்லுக்கு இன்னா ஆவும்?"னாரு. அவரோட கண்டுபிடிப்பே அந்த எடக்கல்லு தான் சார்.

அவரு எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே வேற ஒருத்தர் மூலமா அப்ளிகேஷன் போட்டுட்டாரு, பிராவிஷனல் இல்லாம நேரா முழு ஸ்பெசிஃபிகேஷன். யாருன்னு நான் சொல்லல. ஆபீஸ்ல இருந்து முதல் பரிசோதனை ரிப்போர்ட் வந்து, படத்த சரி பண்ண சொல்லிருக்காங்கன்னு பேப்பர தூக்கிட்டு வந்தாரு. படிச்சு பாத்தேன். "ப்ளூராலிட்டி ஆஃப் ஸ்பைக்ஸ்", "பைவட்டலி கப்பிள்டு"ன்னு பக்கம் பக்கமா ஓடுது. கிளெய்ம்ல வந்து நின்னா, தகட்ட மேல தூக்கறது "ரெசீலியன்ட் ஸ்ப்ரிங் மெம்பர்". எடக்கல்லுங்கற பேச்சே எங்கயும் இல்ல. எழுதுனவரு ஃபோன்ல கேட்டத வச்சு எழுதிருக்காரு, தானா மேல வருதுன்னு சொன்னதும் ஸ்ப்ரிங்குன்னு நெனச்சுட்டாரு போல. அண்ணன் கையெழுத்து ஒவ்வொரு பக்கத்துலயும் அழகா இருக்கு. "இன்னாபா இது, நான் சொன்னது இது இல்லியே"ன்னு நான் படிச்சு சொன்னப்புறம் தான் அவருக்கு தெரியுது.

இப்ப திருத்தலாமான்னா முடியாது. பேடன்ட் சட்டத்தோட 59வது பிரிவு, புதுசா எதையும் உள்ள நுழைக்க விடாது, கிளெய்ம அகலமாக்கவும் விடாது. புதுசா இன்னொண்ணு போடலாம்னா பழையது ஏற்கனவே ஜர்னல்ல வந்தாச்சு, அவரோட அப்ளிகேஷனே அவருக்கு எதிரா வந்து நிக்கும், ஸ்ப்ரிங்குக்கு பதிலா கல்லு வச்சது பெரிய விஷயமான்னு கேப்பாங்க. ஸ்ப்ரிங்குக்கே பேடன்ட் கெடச்சாலும் பிரயோஜனம் இல்ல, எவனாவது கல்லு வச்சு செஞ்சு பக்கத்து தெருவுலயே விப்பான்.

ஒரு வார்த்தைக்கா இவ்ளோ பேச்சுன்னு கேக்கறவங்களுக்கு, நம்ம பாரிமுனை ஹைகோர்ட்டுலயே நடந்த பஜாஜ் டிவிஎஸ் கேஸ ஞாபகப்படுத்தறேன். ரெண்டு ஸ்பார்க் பிளக் வச்ச சின்ன இன்ஜினுக்கு பஜாஜ்கிட்ட பேடன்ட், டிவிஎஸ் ஃபிளேம் வண்டிலயும் ரெண்டு பிளக். 2008ல டிவிஎஸ்ஸுக்கு தடை குடுத்தாங்க, 2009ல டிவிஷன் பெஞ்ச் தடைய எடுத்துடுச்சு, அதுல பெரிய வாதமே பஜாஜ் இன்ஜினுக்கு ரெண்டு வால்வு, டிவிஎஸ் இன்ஜினுக்கு மூணு வால்வுங்கறது. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அவ்ளோ பெரிய கம்பெனிங்களே ஒரு வால்வுக்கு அடிச்சுக்குது, எங்கண்ணனுக்கு ஒரு கல்லு முக்கியம் இல்லையா?

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். பட்டறையில பண்ற எல்லாத்துக்கும் பேடன்ட் கெடைக்காது, கெடைக்கவும் கூடாது. மிர்சாபூர்ல பித்தளை பாத்திரம் லேத்துல கடையறப்ப பாத்திரத்த புடிக்கற முறைக்கு ஒரு கம்பெனி வாங்குன பேடன்ட்ட 1978ல சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னுடுச்சு, இது வெறும் பட்டறை முன்னேற்றம் தான், கண்டுபிடிப்பு இல்லன்னு. அந்த கேஸ நான் கடைக்கு வர்றவங்க நெறைய பேருக்கு கதையா சொல்லிருக்கேன், பாதி பேரு "அப்ப நம்மளுது அந்த ரகம் தான்"னு அவங்களாவே சிரிச்சுட்டு போயிடுவாங்க. சில பேருக்கு வேண்டியது பேடன்ட்டே இல்ல, உருவம் தான் புதுசு, டிசைன் ரெஜிஸ்டர் பண்ணா போதும். அதாவது தன் மொழியில வெவரமா சொல்லி குடுத்தா, ஒண்ணுமில்லாத அப்ளிகேஷன் உங்களுக்கு கொறையும், உங்க எக்ஸாமினருங்க டைமும் மிச்சம்.

தமிழ்ல வாங்குனா ஆபீஸ் வேலை நின்னுடும்னு சொல்லலாம். எக்ஸாமினருங்க பல ஊருக்காரங்க, தமிழ் தெரியாதவங்க இருப்பாங்க, ஒத்துக்கறேன். ஆனா பிராவிஷனல யாரும் தனியா பரிசோதனை பண்றதில்லையே. முழு ஸ்பெசிஃபிகேஷன் குடுக்கும்போது தான் அதுல இருக்கறதுக்கு பிராவிஷனல்ல ஆதாரம் இருக்கான்னு பாக்கணும். அப்ப, பன்னெண்டு மாசத்துக்குள்ள இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் சேர்த்து குடு, சரியா இருக்குன்னு உறுதிமொழி குடுன்னு கேளுங்க, குடுக்கறோம். மொழிபெயர்ப்புல தப்பு வந்தா தமிழ் மூலம் உங்க ஃபைல்லயே இருக்கும், எடக்கல்லா ஸ்ப்ரிங்கான்னு பாத்துக்கலாம். கவர்மென்ட்டே பாஷிணின்னு மொழிபெயர்ப்பு திட்டம் வச்சு நடத்துது, கிளெய்ம் எழுத அது லாயக்கில்ல, என்ன விஷயம்னு புரிஞ்சுக்க போதும்.

ஊர் உலகத்துல இல்லாதத கேக்கல. ஐரோப்பிய பேடன்ட் ஆபீஸ்ல எந்த மொழியிலயும் போடலாம், ரெண்டு மாசத்துல மொழிபெயர்ப்பு குடுக்கணும், அவ்ளோ தான். அமெரிக்காவுல பிராவிஷனல் வேற மொழியில குடுத்தா அந்த கட்டத்துல மொழிபெயர்ப்பே கேக்க மாட்டாங்க. அதாவது எங்கண்ணன் உங்ககிட்ட 39வது பிரிவுல வெளிநாட்டுல அப்ளிகேஷன் போடறதுக்கான அனுமதி மட்டும் வாங்கிட்டா, சட்டப்படி அமெரிக்காவுல தமிழ்ல பிராவிஷனல் போடலாம், விம்கோ நகர்ல ஏறுனா மாறாம ஒரே மெட்ரோல வந்து எறங்கற கிண்டில போட முடியாது. இத நான் சொன்னா கடைல ஜோக்குன்னு நெனைக்கிறாங்க.

சர்க்குலர் ஒண்ணு போட்டா போதும். பெருசா யோசிக்கறீங்கன்னா முதல்ல தனி ஆளுங்களுக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு சோதனையா பண்ணி பாருங்க. கூடவே பரிசோதனை ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல எத்தனை ஆட்சேபணை, ஆறு மாசத்துக்குள்ள பதில் குடுக்கணும், கடைசி தேதி என்னன்னு நாலு வரி தமிழ்ல அடிச்சு அனுப்புங்க. அந்த கவர பிரிச்சு பாத்துட்டு ஏதோ ரசீதுன்னு சாமி படத்துக்கு பின்னாடி சொருகி வச்சவங்கள எனக்கு தெரியும்.

அப்புறம் விழிப்புணர்வு முகாம். 2021 டிசம்பர்ல இருந்து நாடு முழுக்க நடத்துறீங்க, நல்ல விஷயம், ஆனா அதெல்லாம் மாணவர்களுக்குன்னு ஆரம்பிச்சது, காலேஜ் ஹாலுக்குள்ள நடக்குது. பட்டறைக்காரரு அந்த கேட்டுக்குள்ள எங்க வருவாரு? வியாசர்பாடி, மூலக்கடை, திருவொத்தியூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல வைங்க, தமிழ் தெரிஞ்ச எக்ஸாமினர் ரெண்டு பேர அனுப்புங்க, ஃபாரம் 1, ஃபாரம் 2 எப்படி பூர்த்தி பண்றதுன்னு பொருள கையில வச்சுக்கிட்டு பேசட்டும். ஆனா எல்லார் முன்னாடியும் ஐடியாவ சொல்ல வைக்காதீங்க, தனி ரூம் வேணும், அங்கயே வெளிய விட்டுட்டா புதுசுங்கற தகுதி போயிடும்.

கிழமை விஷயத்துல மட்டும் ஒரு வார்த்தை. பட்டறைங்களுக்கு ஞாயிறு தான் லீவு, அதனால அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை வைக்கலாம். காசிமேட்டு ஆளுங்களுக்கு அதே ஞாயிறு தான் மீன் வியாபாரம் உச்சத்துல இருக்கற நாளு, அன்னிக்கு வச்சா ஒருத்தர் வரமாட்டாங்க, அவங்களுக்கு வேற நாள்ல, காலை ஏலம் முடிஞ்சப்புறம் வைங்க. மண்டபம் புடிச்சு குடுக்கறது, ஆளுங்கள கூட்டிட்டு வர்றது, வர்றவங்களுக்கு இலவசமா படம் போட்டு குடுக்கறது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை டிராயிங் கடைக்காரன்