நிலத்தடி நீரை எடைபோட்டவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ மாணவர்களுக்காகத் தாங்கள் வெளியிடும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் நீரியல் துறை இதுவரை இடம்பெறவில்லை. அத்துறையில் ஒருவரின் பணிவாழ்க்கை எவ்வளவு தூரம் விரியக்கூடும் என்பதற்கு அமெரிக்க நீரியலாளர் ஜே ஃபாமிலியெட்டி நல்ல சான்று. நிலவியலில் இளநிலை, நீரியலில் முதுநிலை, சிவில் பொறியியலில் முனைவர் பட்டம் என்று படித்தவர் அவர்.

கிணற்றில் நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்ப்பதுதான் இத்துறையின் பழைய வழி. 2002 மார்ச்சில் நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் வேறொரு வழியைத் திறந்தன. சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற அவை, கீழேயுள்ள நிலத்தில் நீரின் எடை கூடிக் குறைந்து அதன் ஈர்ப்பு மாறும்போது தங்களுக்கிடையிலான தூரத்தில் நேரும் மிக நுண்ணிய மாற்றத்தை அளந்தன. அதிலிருந்து ஒரு வட்டாரத்து நீரின் மொத்த எடை எவ்வளவு கூடியது, குறைந்தது என்று கணித்து, மண்ணின் ஈரம், பனி, ஏரி ஆற்று நீர் ஆகியவற்றின் பங்கைக் கழித்தால் நிலத்தடி நீரின் கணக்கு எஞ்சும்.

இம்முறையில், தம் முன்னாள் மாணவர் மேத்யூ ரோடெல், இசபெல்லா வெலிகோனா ஆகியோருடன் 2009-இல் அவர் வெளியிட்ட ஆய்வு நம் நாட்டைப் பற்றியது. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியாணா (டெல்லி உட்பட) ஆகியவை அடங்கிய பகுதி 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்திருந்தது. மேட்டூர் அணையை நாற்பது முறைக்கு மேல் நிரப்பக்கூடிய அளவு இது. அவ்வாண்டுகளில் மழை பொய்க்கவில்லை என்பதால், பாசனத்துக்கு இறைத்ததே காரணம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

ஆனால் இந்தச் செயற்கைக்கோள்களுக்கு ஓர் ஊரின் கிணறு தெரியாது. தமிழ்நாட்டின் பரப்பே அவற்றுக்குச் சிறியது. ஆகவே நாடா பிடிப்பவரின் வேலை போய்விடவில்லை.

ஆய்வோடு நில்லாமல் மக்களிடமும் பேசியதைத்தான் அவருடைய பணியில் நான் பெரிதாக மதிக்கிறேன். அதில் சிக்கலும் உண்டு. கலிஃபோர்னியாவின் அணைகளில் ஏறத்தாழ ஓராண்டுக்கான நீரே உள்ளது என்று 2015 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் அவர் எழுதினார். தலைப்போ மாநிலத்திலேயே அவ்வளவு நீர்தான் என்று பொருள்படும்படி அமைந்து, பின்னர் திருத்தப்பட்டது. (தலைப்பிடுவோர் என்னைப் பொறுத்தருள்க.)

வரும் உயர்கல்விப் பக்கத்தில் நிலவியல், நீரியல் படிப்புகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
சேலம்.