வாய்க்கால் கரையைச் சைக்கிளுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் நானும் என் அக்கா மகனும் பாபநாசத்தில் இருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணியை ஒட்டியே சைக்கிளில் போய் வந்தோம், மூன்று நாள். அதைப் பற்றியும், அதில் இருந்து எனக்குத் தோன்றிய ஒரு கோரிக்கையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று அப்போதிருந்தே மனதில் இருக்கிறது, இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்களிடம் கியர் சைக்கிள் எதுவும் கிடையாது. என்னுடையது இருபது வருஷமாக நான் வேலைக்கு ஓட்டிப்போன கேரியர் சைக்கிள், அவனுடையது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. பாளையங்கோட்டையில் இருந்து இரண்டையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிப் பாபநாசத்தில் இறக்கினோம். காலை ஆறரைக்கு மலை இன்னும் மேகத்துக்குள்தான் இருந்தது. கோயில் படித்துறையில் முகம் கழுவிவிட்டு விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் வழியாக இறங்கினோம். இறங்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆறு போகிற பக்கமே நாமும் போவதால் பெரிதாக மிதிக்க வேண்டியதே இல்லை.

கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் பெரிய ரோட்டை விட்டுக் கன்னடியன் கால்வாய்க் கரைக்கு வந்தோம். ஆசிரியர் அவர்களே, அந்தக் கரையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. ஒரு பக்கம் வாய்க்கால் நிறைய தண்ணீர், மறுபக்கம் கண்ணுக்கு எட்டின தூரம் பிசான நெற்பயிர், நடுவில் நாலடி, ஐந்தடி மண்பாதை. சில இடத்தில் நீர்மருது மரங்கள். பட்டை உரிந்து வெளுத்துப்போன அந்த அடிமரத்தைக் கையால் தொட்டால் வெயில் நேரத்திலும் சில்லென்று இருக்கிறது. அதன் காய்க்கு ஐந்து இறக்கை உண்டு, காய்ந்து பாதையெல்லாம் கிடக்கிறது, டயர் ஏறும்போது படபடவென்று உடையும். அரைமணி நேரம் அந்தச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. மதகு பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர், "எங்க போறிய அண்ணாச்சி, இப்படியே சேரமாதேவி வரைக்குமா?" என்று கேட்டார். ஆமா என்றேன். "அங்கன ஓடை உடைஞ்சி கெடக்கும், எறங்கி உருட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்த ஓர் இடம் மட்டும் இல்லை. தூர் வாரிய மண்ணை இயந்திரம் கரையிலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறது, அதன் மேல் சீமைக் கருவேலம் முளைத்து இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டு நிற்கிறது. ஊர் எல்லை வந்துவிட்டால் குப்பை, உடைந்த பாட்டில். வீரவநல்லூருக்கு முன்னால் இரண்டு சைக்கிளுக்கும் சேர்ந்தே பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தரையில் வைத்தார், மொத்தம் ஏழு. வேறு வழியில்லாமல் மெயின் ரோட்டுக்கு ஏறினால் அங்கே லாரியும் பேருந்தும் தோளை உரசிக்கொண்டு போகின்றன.

அன்று சாயங்காலம் திருப்புடைமருதூர் போனோம். கோயிலைச் சுற்றி இருக்கிற மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கின்றன. ஊர்க்காரர்களே பறவைகளைக் காப்பாற்றி வந்ததால் 2005-ஆம் ஆண்டு அரசு அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. காரில் வருகிறவர்கள் கோபுரத்துக்குள் இருக்கிற ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நாங்கள் ஆற்றுமணலில் உட்கார்ந்து இருட்டுகிற வரை பறவைகள் அடைகிறதைப் பார்த்தோம்.

என் அக்கா மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். டான்யூப் ஆற்றங்கரையில், பாஸா என்கிற ஜெர்மன் ஊரில் இருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், காடும் பள்ளத்தாக்குமாகச் சைக்கிளில் போயிருக்கிறான். அன்றைக்கு ராத்திரி அவன் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பாதையில் பெரும்பகுதி சைக்கிளுக்கென்று புதிதாகப் போட்டது இல்லையாம். நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால், ஓட்டத்துக்கு எதிராகப் படகுகளைக் குதிரை கட்டி இழுத்துப்போவதற்கு இருந்த கரைப்பாதை அது. படகு இழுக்கிற வேலை நின்ற பிறகும் பாதை அப்படியே கிடந்தது, அதைச் சீர்செய்து சைக்கிளுக்கு விட்டுவிட்டார்கள். "மாமா, நம்ம வாய்க்கால் கரையும் அதே மாதிரிதானே, ஏற்கெனவே போட்டுத்தானே இருக்கு" என்றான்.

யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது முழுக்க உண்மை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றில் இருந்தும் வாய்க்கால் பிரிகிறது, ஒவ்வொரு வாய்க்காலுக்கும் கரை உண்டு, தண்ணீர் பார்க்கிற ஆட்களும் விவசாயிகளும் போய்வர அந்தக் கரையில் பாதை உண்டு. பாளையங்கால், கோடகன் கால், மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் என்று மலையடிவாரத்தில் இருந்து கடல் பக்கம் வரைக்கும் கிட்டத்தட்டத் தொடர்ச்சியாக வந்துவிடலாம். ஆற்றின் நீளமே ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். நிலம் எடுக்க வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம்.

தாரோ சிமெண்டோ போடச் சொல்லி நான் கேட்கவில்லை. தார் போட்டால் அடுத்த மாதமே லாரி வந்துவிடும். சரளை போட்டு இறுக்கி, கார் நுழைய முடியாதபடி இரண்டு முனையிலும் கல் ஊன்றினால் போதும். தூர் வாரும்போது மண்ணைப் பாதையில் கொட்டாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பாதை பிரிகிற இடத்தில் ஊர்ப்பெயர் எழுதி ஒரு பலகை வைக்கலாம். கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு அங்கே மருதும் இலுப்பையும் நட வேண்டும், இருக்கிற மருத மரத்தில் ஒன்றைக்கூட எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது. அப்புறம் முண்டந்துறைக் காட்டுக்குள்ளும் பாதை வேண்டும் என்று யாராவது கிளம்பினால் அதை நான் ஏற்கமாட்டேன். அது புலிகள் காப்பகம், அப்படியே இருக்கட்டும். பாபநாசத்தில் இருந்து கீழே இருப்பதே நமக்குத் தாராளம்.

சுற்றுலா வருகிறவர்களுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. பத்தமடை பக்கம் காலை எட்டரை மணிக்கு மெயின் ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் போவதைப் பார்த்தேன், எல்லாம் அரசு கொடுத்த சைக்கிள்கள். பின்னால் பேருந்து ஹாரன் அடிக்க, ஒரு பெண்பிள்ளை பதறி ரோட்டை விட்டுப் பள்ளத்தில் இறங்கிவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுச் செயினை மாட்டிக்கொண்டு போனாள். வாய்க்கால் கரை அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. கரை ஒழுங்காக இருந்தால் அந்தப் பிள்ளைகள் நிழலில் பள்ளிக்கூடம் போகும்.

மூன்றாம் நாள் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஆத்தூர். வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்காலும் நடுவில் குறுகிய பாதைகள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்தப் பக்கம் எத்தனை இடத்தில் கரை உடைந்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். உடைப்பை அடைத்த இடங்களில் இப்போதும் புது மண் தனியாகத் தெரிகிறது. கரையைப் பலப்படுத்துகிற வேலை எப்படியும் நடக்கப்போகிறது, அதோடு சேர்த்து மேலே ஆறடிப் பாதையும் விட்டால் தினமும் ஆள் நடமாட்டம் இருக்கும், எங்கே அரிக்கிறது, எங்கே வெடிப்பு விடுகிறது என்று முதலில் கண்ணில் படுவதும் அந்த வழியாகப் போகிறவர்களுக்குத்தான்.

நீர்வளத்துறையும் மாவட்ட நிர்வாகமும் முதலில் கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில் உள்ள தூரத்தை மட்டும் செய்து பார்க்கட்டும். அதிகாரிகள் யாராவது ஒரு நாள் காலையில் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் நான் கூட வருகிறேன். வீட்டில் இன்னொரு சைக்கிளும் இருக்கிறது, காற்று அடித்து எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை