தாத்தாவின் ஏழு பிளாப்பிகள்

அன்புள்ள கயல்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அந்த பிளாப்பி டப்பாவை இன்னும் எதுக்கும்மா வச்சிருக்கே, தூக்கிப் போடு" என்றாய். நானும் சரி என்றுதான் சொன்னேன். போடுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். எட்டு நாளாகிவிட்டது, இன்னும் அதே வேலையாகத்தான் இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

டப்பாவில் பழைய கம்ப்யூட்டரில் கோப்புகளைச் சேமித்து வைத்த பிளாப்பி டிஸ்க்குகள் இருபத்திரண்டு இருந்தன. அவற்றில் ஏழு தாத்தாவுடையவை. 'நினைவு 1' என்று தொடங்கி 'நினைவு 7' வரை அவர் கையெழுத்திலேயே லேபிள் ஒட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே உன் நோட்டுத் தாளில் கிழித்த ஒரு துண்டு, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா விளையாட்டில் லெவல் தாண்டுகிற உன் ரகசியம்: 'பிரின்ஸ் மெகாஹிட். ஷிஃப்ட் எல் அமுக்கினால் அடுத்த லெவல். யாரிடமும் சொல்லக் கூடாது.' பென்சில் எழுத்து கொஞ்சமும் அழியவில்லை.

1997இல் அந்தக் கம்ப்யூட்டர் வந்த நாள் உனக்கு நினைவிருக்குமா? உனக்கு ஏழு வயது. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த பென்டியம், 16 எம்பி ராம். நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டர்களுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைத் தாத்தா அதற்காக ஒழித்துக் கொடுத்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை முடிந்ததும் மானிட்டருக்கு ஒரு துணி உறை, கீபோர்டுக்கு ஒன்று, சிபியுவுக்கு ஒன்று. லோயர், ஹையர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் கடைசி பேட்ச் எட்டரைக்குக் கிளம்பும். அதுவரை நீ வாசற்படியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாய். அவர்கள் செருப்பைப் போடும் சத்தம் கேட்டால் போதும், 'டேஞ்சரஸ் டேவ்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாட ஓடிவிடுவாய்.

யுஎஸ்பியில் செருகுகிற பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். முதலில் உன் டிஸ்க்குகளைத்தான் போட்டேன். தாத்தாவின் டிஸ்க்கை எடுத்த எடுப்பிலேயே போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. சில டிஸ்க்குகளின் தகட்டைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், போட்டால் டிரைவின் ஹெட்டிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த டிஸ்க்கையும் கெடுத்துவிடும். டேவ் இருந்த டிஸ்க் சுத்தமாக இருந்தது, முழுசாகப் படித்தது.

இப்போதைய விண்டோஸில் அந்த விளையாட்டு நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, 2002இலிருந்து வருகிறது. அது புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே விண்டோஸுக்கு முந்தைய பழைய டாஸ் கம்ப்யூட்டர் ஒன்றை நடித்துக் காட்டுகிறது, பழைய சவுண்ட் கார்டு முதற்கொண்டு. வேகம் அதிகமானால் கண்ட்ரோல்-எஃப்11 அழுத்திக் குறைக்கலாம், எஃப்12 அழுத்திக் கூட்டலாம். டேவ் சிவப்புத் தொப்பியோடு வந்து நின்றான். கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும் என்பது மறந்தே போயிருந்தது. கோப்பையில்லாமல் கதவில் முட்டிக்கொண்டு நின்றேன், அப்புறம்தான் நீ பக்கத்தில் நின்று கத்துவது காதில் விழுந்த மாதிரி இருந்தது. அதை எழுதிய ஜான் ரொமேரோ 1988இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காகச் செய்தாராம். கும்பகோணத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வரைக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது பார்.

பிரின்ஸ் பற்றிப் படித்ததை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் தன் தம்பிக்கு வெள்ளை உடை போட்டு ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு படமாகப் பார்த்து வரைந்துதான் இளவரசனின் ஓட்டத்தை உண்டாக்கினார். விளிம்பைப் பிடித்துத் தொங்கி அவன் ஏறுவது நிஜ ஆள் மாதிரியே இருக்கிறது என்று நீ வியப்பாயே, நிஜ ஆளேதான்! இசை அமைத்தது அவருடைய அப்பா. விளையாட்டு வெளிவந்தது 1989இல். அதன் மூல நிரல் இருந்த டிஸ்க்குகள் எங்கே போயின என்று தெரியாமல் இருந்தது. 2012இல் வீட்டில் ஒரு பெட்டிக்குள் அவற்றைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பி வைத்தவரும் அந்த அப்பாதான். பழைய கணினிகள் தெரிந்தவர்கள் கூடி அவற்றைப் படித்து எடுத்தார்கள், மெக்னர் எல்லாருக்கும் தெரியும்படி வெளியிட்டார். இதைப் படித்த அன்றைக்கே தாத்தாவின் டிஸ்க்குகளை எடுத்துவிட்டேன்.

தாத்தா தன் வாழ்க்கை நினைவுகளை எழுத ஆரம்பித்தது 1999இல். அவர் விரலுக்கு டைப்ரைட்டர் விசைகள்தான் தெரியும். அதே மாதிரி அடிக்கிற பாமினி எழுத்துரு கிடைத்ததும்தான் அவர் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். தினமும் மத்தியானம் இரண்டு பக்கம். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறியாக்கம் யூனிகோடு, தமிழுக்கு அது 1991லேயே வந்துவிட்டது. ஆனால் விண்டோஸில் தமிழ் சேர்ந்தது விண்டோஸ் 2000 வந்த பிறகுதான். அதனால் அவர் அடித்த ஒவ்வோர் எழுத்தும் உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் இருக்கிறது, மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. லிப்ரே ஆபீஸில் அந்த வேர்டு கோப்பு உடனே திறந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துரு இல்லை, அதனால் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். என் அப்பா எழுதியது கண்முன்னே இருக்கிறது, ஒரு வரி கூடப் படிக்க முடியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் என்எச்எம் கன்வெர்ட்டரை இறக்கிக்கொண்டேன். சென்னையிலிருந்து வந்த இலவச மென்பொருள்தான். பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று பழைய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றித் தரும். இது எழுத்துக்கு எழுத்து மாற்றிப்போடுகிற சமாச்சாரமில்லை. பாமினியில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க. யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். ஒவ்வொரு சொல்லிலும் இப்படி இடம் மாற்ற வேண்டும். அதை யாரோ பொறுமையாக யோசித்து எழுதி, காசு வாங்காமல் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

முதல் வரி வந்தது: 'ஆடிப்பெருக்கன்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காவிரிக்குப் போனார்.' என்னால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்துதான் தொடர்ந்தேன்.

பாட்டியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க 'கௌரி' என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை என்றது. எனக்கு மனசே சரியில்லை. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவள் பெயரை ஓரிடத்தில்கூடவா எழுதவில்லை? கோப்பைத் திறந்து பார்த்தால் இரண்டாம் பக்கத்திலேயே பாட்டி இருக்கிறாள். விஷயம் இதுதான்: பாமினியில் 'கௌ' அடிக்கக் கொம்பு, க, அதன் பின் ள. யூனிகோடில் 'கௌ'வின் பின்பாதி பார்வைக்கு ள மாதிரி இருக்கிறதே தவிர ள இல்லை. மாற்றும்போது பாட்டி 'கெளரி' ஆகிவிட்டாள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்க மாட்டாள். மொத்தமாக மாற்றவும் முடியாது, 'வெளி', 'தெளிவு' எல்லாம் கெட்டுவிடும். அதனால் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். நாற்பத்து மூன்று இடங்கள்.

ஆறு டிஸ்க் இப்படி முழுசாக வந்துவிட்டன. ஐந்தாவது மட்டும் படிக்கவில்லை. டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. நான்காவதன் கடைசி வரியில் நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் நிற்கிறார். ஆறாவது தொடங்கும்போது நீ பள்ளிக்கூடம் போகிறாய்.

சேதமான டிஸ்க்கையும் திரும்பத் திரும்பப் படித்து, கிடைத்த மட்டும் எடுத்துத் தருகிற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அதை நான் தனியாகத் தொட மாட்டேன். துணியில் சுற்றி, உன் பென்சில் சீட்டோடு அதே டப்பாவில் வைத்திருக்கிறேன். டிசம்பரில் வருகிறாய் அல்லவா, நீயும் பக்கத்தில் இரு, போட்டுப் பார்ப்போம். மற்ற ஆறையும் இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் ஒரு படி இருக்கட்டும். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் குறித்து வை. தாத்தா 'சாயங்காலம்' என்பதை 'சாய்ங்காலம்' என்றுதான் எழுதுவார், அதை மட்டும் திருத்தாதே.

அன்புடன்,
அம்மா