தண்ணீர் வடிந்த பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளம் வந்தால் படகு அனுப்புகிறார்கள், முகாம் திறக்கிறார்கள். சரி, தண்ணீர் வடிந்த பிறகு? மை கரைந்த நிலப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் எந்த அதிகாரியும் எதுவும் சொல்ல முடிவதில்லை. காலநிலையால் வீட்டை இழந்து இடம்பெயரும் அவருக்குச் சட்டத்தில் பெயரே இல்லை.

1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் ஒப்பந்தம் இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறுவோருக்கானது. கடலரிப்பும் வறட்சியும் அந்தப் பட்டியலில் இல்லை. காலநிலையால் இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் எல்லையைத் தாண்டுவதும் இல்லை. சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறார்கள். 2050க்குள் இவர்கள் 21.6 கோடி வரை ஆகலாம் என்று 2021இல் உலக வங்கி கணித்தது. ஆக, இது முதலில் அந்தந்த நாட்டுச் சட்டமன்றத்தின் வேலை.

வழியே இல்லை என்று சொல்லவும் முடியாது. சொந்த நாட்டுக்குள் இடம்பெயர்ந்தோரைப் பாதுகாப்பதற்கான கம்பாலா ஒப்பந்தத்தில், காலநிலையால் இடம்பெயர்வோரையும் ஆப்பிரிக்க நாடுகள் 2009இலேயே சேர்த்துவிட்டன. பசிபிக் தீவு நாடான பிஜி, காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் கிராமங்களை இடம் மாற்றுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை 2018இல் வெளியிட்டது.

நம் பிரதிநிதிகள் மறுகுடியமர்வுக்கு ஒரு சட்டமும், ஆண்டுதோறும் தனி நிதியும் கொண்டுவர வேண்டும். அப்புறம் முக்கியமாக, வாடகைக்கு இருந்தவர்களையும் பத்திரமே இல்லாமல் குடிசை போட்டிருந்தவர்களையும் அதில் விட்டுவிடாதீர்கள். முதலில் விடுபடுவது எப்போதும் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்